மாசு கட்டுப்பாட்டு வாரியம்: அதன் வேலை என்ன, அதிகாரம் எவ்வளவு, அதை அணுகுவது எப்படி?

கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறினாலும், ராத்திரியில் மூக்கைத் துளைக்கும் நெடி வந்தாலும், நம் ஊரில் முதலில் வாயில் வரும் பெயர் 'பொல்யூஷன் போர்டு'. ஆனால் அந்த அலுவலகத்துக்கு எதைக் கொண்டு போக வேண்டும், எதற்கு வேறு வாசலுக்குப் போக வேண்டும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தைப் பற்றி மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

இந்த வாரியம் எப்போது, எதற்காக வந்தது?

1974-இல் நாடாளுமன்றம் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தண்ணீர் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ள விஷயம். அதனால் ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டால்தான் அந்தச் சட்டம் அங்கே செல்லும். தமிழ்நாடு 1981-இல் ஏற்றது. 1982 பிப்ரவரியில் வாரியம் அமைந்தது. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் வந்தது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாரியத்தின் வேலை இந்த மூன்று சட்டங்களையும் அவற்றின் கீழ் வந்த விதிகளையும் நடைமுறைப்படுத்துவது. ஆபத்தான கழிவு, மருத்துவக் கழிவு, மின்னணுக் கழிவு, பிளாஸ்டிக் எல்லாம் அந்த விதிகளுக்குள் வரும்.

மத்திய வாரியம், மாநில வாரியம், சுற்றுச்சூழல் துறை எல்லாம் ஒன்றா?

இல்லை. டெல்லியில் இருக்கும் மத்திய வாரியம் அளவுகோல்களை வகுக்கும், மாநில வாரியங்களை ஒருங்கிணைக்கும். ஆலைக்குள் போய்ச் சோதிப்பது, அனுமதி கொடுப்பது, மூடச் சொல்வது எல்லாம் மாநில வாரியத்தின் வேலை. தலைமைச் செயலகத்தில் இருக்கும் சுற்றுச்சூழல் துறை கொள்கை வகுக்கும் அரசுத் துறை. வாரியம் அதன் கீழ் வந்தாலும், சட்டத்தால் உருவான தனி அமைப்பு.

தலைமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு முக்கியமானவர் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர்தான். ஊரில் நடக்கும் ஏறக்குறைய எல்லாமே அவர் மேசை வழியாகத்தான் போகும்.

'கன்சென்ட்' என்கிறார்களே, அது என்ன?

வாரியத்தின் வேலையை ஒரே காகிதத்தில் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் காகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். தமிழில் இசைவாணை. இரண்டு கட்டம் உண்டு. கட்டடம் எழுப்பும் முன் 'நிறுவுவதற்கான இசைவு', இயந்திரத்தை ஓட்டும் முன் 'இயக்குவதற்கான இசைவு'. இரண்டாவதில் காலம் குறித்திருந்தால், அது முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். தண்ணீர்ச் சட்டத்தின் கீழ் ஒன்று, காற்றுச் சட்டத்தின் கீழ் ஒன்று எனத் தனித்தனியாக வாங்க வேண்டும்.

இசைவாணை என்றால் வெறும் 'சரி' என்ற முத்திரை என்று நினைத்துவிடக் கூடாது. அதில் நிபந்தனைகள் இருக்கும். என்ன பொருள், மாதம் எவ்வளவு உற்பத்தி செய்யலாம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோலிட்டர் கழிவுநீர் வரலாம், அதை எங்கே விட வேண்டும், புகைபோக்கி எத்தனை மீட்டர் உயரம், கழிவுநீரில் எது எவ்வளவு வரை இருக்கலாம் என்று எண்களோடு இருக்கும். எடுத்துக்காட்டாக, ஆறு, ஏரி போன்ற நீர்நிலையில் விடும் கழிவுநீருக்குப் பொது அளவுகோல் லிட்டருக்கு பி.ஓ.டி. 30 மில்லிகிராம், சி.ஓ.டி. 250 மில்லிகிராம். அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 5.5-க்கும் 9-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பி.ஓ.டி., சி.ஓ.டி. இரண்டும் அந்தக் கழிவு தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை எவ்வளவு தின்னும் என்பதைக் காட்டும் அளவுகள்.

ஓர் ஆலை தப்புச் செய்கிறதா என்று கேட்டால், சட்டத்தின் பதில் பெரும்பாலும் 'நிபந்தனையை மீறுகிறதா' என்பதுதான். அதனால் உங்கள் ஊரில் ஆலைப் பிரச்சினை இருந்தால் முதலில் கையில் வாங்க வேண்டியது அதன் இசைவாணையின் நகல். 'தண்ணீர் கெட்டுப் போச்சு' என்று மட்டும் சொன்னால் 'பார்க்கிறோம்' என்று பதில் வரும். 'உங்கள் ஆணையின் 7-ஆம் நிபந்தனைப்படி கழிவுநீரை வளாகத்துக்கு வெளியே விடக் கூடாது, ஆனால் ஓடையில் விடுகிறார்கள்' என்று எழுதினால், அதைக் கிடப்பில் போடுவது யாருக்கும் எளிதல்ல.

அந்த நகலை என்னிடம் கொடுப்பார்களா?

கொடுத்தாக வேண்டும். தண்ணீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவிலேயே ஓர் உட்பிரிவு இருக்கிறது: வாரியம் இசைவு நிபந்தனைகளுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும், அந்தக் கழிவால் பாதிக்கப்படுகிறவர் அல்லது அதில் அக்கறை உள்ளவர் அலுவலக நேரத்தில் அதைப் பார்க்கலாம். 1974-இலேயே, தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்கு 31 வருடம் முன்பே, கொடுத்த உரிமை இது. பலருக்கும் இது தெரியாது. அலுவலகத்தில் தயங்கினால், 10 ரூபாய் கட்டி தகவல் அறியும் உரிமை மனு போடுங்கள். இசைவாணை, கடைசி ஆய்வறிக்கை, ஆய்வகச் சோதனை முடிவுகள், ஆலைக்கு அனுப்பிய நோட்டீஸ்கள் என நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று வகை பிரிக்கிறார்களே?

எவ்வளவு மாசு உண்டாக்கக்கூடிய தொழில் என்பதற்கு மதிப்பெண் போட்டுப் பிரிப்பது. தோல் பதனிடுதல், சாயம், சிமென்ட், சர்க்கரை ஆலை, வடிசாலை எல்லாம் சிவப்பு. அதற்குக் கீழே ஆரஞ்சு, பச்சை. வெள்ளை வகைக்கு இசைவு வேண்டியதில்லை, தகவல் கொடுத்தால் போதும். வகையைப் பொறுத்துக் கட்டணமும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு என்பதும் மாறும்.

சின்னத் தொழில் நடத்துகிறவர்களுக்கு ஒன்று: முழுமையான விண்ணப்பம் கொடுத்து 4 மாதத்துக்குள் வாரியம் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால் இசைவு கிடைத்ததாகவே சட்டம் கருதும். விண்ணப்பித்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ஆற்றுக்குப் பக்கத்தில் ஆலை வர முடியுமா?

தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு அரசாணைகள் உண்டு. 1989-இல் வந்த அரசாணை 213, பட்டியலில் உள்ள நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கடும் மாசு உண்டாக்கும் தொழில்களைத் தடுத்தது. 1998-இல் வந்த அரசாணை 127, காவிரி, பாலாறு, பெண்ணையாறு, வைகை, தாமிரபரணி முதலான ஆறுகளுக்கும் அவற்றின் கிளைகளுக்கும் 5 கிலோமீட்டர் என்று அந்தத் தூரத்தை நீட்டியது. ஆலை வருகிறது என்று கேள்விப்பட்டால் கூகுள் வரைபடத்தில் தூரத்தை அளந்து பாருங்கள். அடிக்கல் நாட்டும் முன்பே எழுப்பக்கூடிய வலுவான ஆட்சேபம் இது.

'சுற்றுச்சூழல் அனுமதி' என்பதும் இதுவும் ஒன்றா? கருத்துக்கேட்புக் கூட்டம் யார் நடத்துவது?

இரண்டும் வேறு. பெரிய சுரங்கம், அனல்மின் நிலையம், துறைமுகம், பெரிய ஆலை போன்றவற்றுக்கு 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அதைக் கொடுப்பது மத்திய அமைச்சகம் அல்லது மாநில அளவிலான மதிப்பீட்டு ஆணையம். வாரியம் அல்ல.

ஆனால் அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தை ஏற்பாடு செய்வது வாரியம்தான். கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். 30 நாள் முன்பே ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும். கூட்டம் முடியும்போது பேசியவற்றின் குறிப்பை மக்கள் முன்னால் அவர்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். இந்தக் கடைசி விதிதான் நிறைய இடங்களில் தவறுகிறது. பேசி முடித்ததும் எழுந்து போய்விடாதீர்கள். குறிப்பை வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். பேசியதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுங்கள்.

நான் பாட்டிலில் பிடித்து வைத்த தண்ணீர் ஆதாரமாகச் செல்லுமா?

நீதிமன்றத்தில் ஆலைக்கு எதிரான சட்டப்பூர்வமான சாம்பிளாகச் செல்லாது. சாம்பிள் எடுப்பதற்குச் சட்டம் ஒரு முறை வைத்திருக்கிறது. வாரிய அதிகாரி ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் கேட்டால் அவர் முன்னிலையில் சாம்பிளை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, கையெழுத்து வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் அந்த முடிவைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. அதிகாரிகள் அவசரத்தில் எடுத்த சாம்பிள் வழக்கில் தோற்றுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காக உங்கள் பாட்டில் வீண் என்று நினைக்க வேண்டாம். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதி ஒட்டி, எடுக்கும்போதே படமும் எடுத்து, ஒரு தனியார் ஆய்வகத்தில் சோதித்து அந்த முடிவை மனுவோடு இணைத்தால், வாரியம் தன் சாம்பிளை எடுக்க வர வேண்டிய கட்டாயம் உண்டாகும். எப்போது வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். மழை பெய்யும்போதும் நள்ளிரவுக்குப் பிறகும் கழிவைத் திறந்துவிடுவதாகச் சொல்லாத ஊர் இல்லை. பகல் 11 மணிக்கு வந்து பார்த்தால் ஓடை சுத்தமாகத்தான் இருக்கும். திருப்பூர், ஈரோடு பக்கம் சாயப்பட்டறைகளைக் கண்காணிக்க வாரியம் பறக்கும் படை வைத்திருப்பது இதற்காகத்தான்.

பெரிய சிவப்பு வகை ஆலைகளில் புகைபோக்கியிலும் கழிவுநீர்க் குழாயிலும் தொடர்ந்து அளக்கும் கருவிகள் பொருத்தியிருக்கிறார்கள். அந்த அளவுகள் நேரடியாகக் கிண்டிக்குப் போகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனாலும் கருவி காட்டும் எண் சரிதானா என்று ஆள் நேரில் போய்ச் சரிபார்த்தால்தான் அதற்கு மதிப்பு.

தப்புச் செய்யும் ஆலையை வாரியம் என்ன செய்ய முடியும்?

நிறையவே செய்ய முடியும். விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம், இசைவைப் புதுப்பிக்க மறுக்கலாம், ரத்தும் செய்யலாம். தண்ணீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவும், காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவும் கொடுத்திருக்கும் அதிகாரம்தான் இருப்பதிலேயே பெரியது: நீதிமன்றத்துக்குப் போகாமலே ஆலையை மூடச் சொல்லலாம், மின் இணைப்பையும் தண்ணீரையும் துண்டிக்க மின்வாரியத்துக்கும் மற்றவர்களுக்கும் உத்தரவிடலாம். கரண்டை நிறுத்தினால் ஆலை நின்றுவிடும், அதனால் ஆலைக்காரர்கள் பயப்படுவது அபராதத்தைவிட இதற்குத்தான்.

அப்புறம் சுற்றுச்சூழல் இழப்பீடு. மத்திய வாரியம் இதற்கு ஒரு கணக்கு வகுத்திருக்கிறது. தொழிலின் மாசு மதிப்பெண்ணை, மீறல் நடந்த நாட்களால் பெருக்கி, ஒரு ரூபாய் மதிப்பால் பெருக்கி, ஆலையின் அளவு, ஊரின் மக்கள்தொகை ஆகியவற்றுக்கான எண்களாலும் பெருக்க வேண்டும். சிவப்பு வகைக்கு 80, மீறல் 30 நாள், ரூபாய் மதிப்பு 250, சிறிய ஆலைக்கு 0.5, 10 லட்சத்துக்குக் கீழ் மக்கள் உள்ள ஊருக்கு 1 என்று வைத்தால் 3 லட்சம் ரூபாய் வரும். மீறிய நாட்கள்தான் இந்தக் கணக்கைக் கூட்டுவதும் குறைப்பதும். நீங்கள் தேதி குறித்து வைப்பது எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து புரியும். இப்படி இழப்பீடு விதிக்க வாரியங்களுக்கு அதிகாரம் உண்டா என்று நீண்ட நாள் வாதம் நடந்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 'உண்டு' என்று சொல்லிவிட்டது.

சிறைத் தண்டனை விஷயத்தில் காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. காற்றுச் சட்டத்தில் பல குற்றங்களுக்கு 2024 ஏப்ரல் முதல் சிறைக்குப் பதிலாக 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை பணத் தண்டனை வைத்திருக்கிறார்கள். தண்ணீர்ச் சட்டத்திலும் 2024-இல் இதே போன்ற திருத்தம் வந்தது. அது முதலில் இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்குப் பொருந்தியது. மற்ற மாநிலங்கள் தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும். வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடுவதால் பணத் தண்டனை வேகமாக நடக்கும் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கோடிகளில் வியாபாரம் செய்யும் நிறுவனத்துக்கு 15 லட்சம் ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான்.

இவ்வளவு அதிகாரம் இருந்தும் திருப்பூரில் நொய்யல் எப்படிச் செத்தது?

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடி காவிரியில் சேரும் ஆறு நொய்யல். பின்னலாடை ஏற்றுமதி வளர வளர, சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அந்த உப்பு முழுக்கக் கழிவுநீரில்தான் வரும். சுண்ணாம்பு, படிகாரம் போட்டுச் சுத்திகரித்தால் நிறம் குறையும், உப்பு குறையாது. கரைந்த உப்புக்கு அளவுகோல் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். பார்வைக்குத் தெளிவாக இருந்த தண்ணீர்கூட அதைப் பல மடங்கு தாண்டியது. சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்று இசைவு கொடுத்தார்கள், ஆனால் அந்த நிலையத்தால் எடுக்கவே முடியாத பொருள்தான் விவசாயத்தைக் கொன்றது. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டி ஆனது. சுற்று வட்டாரக் கிணறுகள் உப்பேறின, தென்னை காய்ந்தது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்றது. உச்ச நீதிமன்றம் 2009-இல் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. அதற்குப் பிறகுதான் சவ்வு வழி வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பாக எடுக்கும் முறை பரவலாக வந்தது. இன்று பொது சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீரை மீட்டுப் பட்டறைகளுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்னும் தீராத தலைவலி.

நீதிமன்றம் செய்தது எல்லாம் வாரியம் தன் 33ஏ அதிகாரத்தை வைத்துப் பல வருடம் முன்பே செய்திருக்கக்கூடியதுதான். விவசாயிகள் நீதிமன்றப் படிகளில் கழித்த அத்தனை வருடங்களும், உப்பேறிய நிலமும் அந்தத் தாமதத்தின் விலை.

பாலாறும் அப்படித்தானா?

ஆமாம், அங்கே தோல் கழிவு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை இந்தியா முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். 'மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும்' என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டம் என்று அது சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிரிட முடியாமல் போனதைத் தீர்ப்பே பதிவு செய்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே வட்டாரத்துக்காக மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டிவந்தது. நடுவில் 2015-இல் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் செத்தார்கள். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு மலை வேறு. ஆலை மூடினால் மாசு முடிந்துவிடாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஸ்டெர்லைட்டை மூடியது வாரியமா, அரசா, நீதிமன்றமா?

மூன்றுக்கும் பங்கு உண்டு. 2018 ஏப்ரலில் இசைவைப் புதுப்பிக்க வாரியம் மறுத்தது. மே 22-இலும் மறுநாளும் தூத்துக்குடியில் போராடிய மக்கள் மீது போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். மே 28-இல் நிரந்தரமாக மூட அரசு ஆணையிட்டது. டிசம்பரில், சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஆலைக்குச் சாதகமாக உத்தரவிட்டது. அப்படி உத்தரவிட அதற்கு அதிகார வரம்பு இல்லை என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் மூடலை உறுதி செய்தது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மனுவைத் தள்ளியது. இவ்வளவு நீண்ட சண்டையின் நடுவில் நின்றது ஓர் ஆலையின் இசைவும் அதன் நிபந்தனைகளும்தான்.

ஆலையை மூடினால் வேலை போகுமே?

போகும், அந்தக் கவலை நியாயமானது. அதனால்தான் தொடக்கத்திலேயே நிபந்தனையை ஒழுங்காக அமல்படுத்த வேண்டும் என்கிறேன். ஆரம்பத்தில் ஒரு வடிகட்டியோடு முடிந்திருக்க வேண்டியது, 15 வருடம் கழித்து ஊரையே நிறுத்தும் உத்தரவாக வருகிறது. அப்போது முதலில் அடிபடுவது கூலித் தொழிலாளிதான்.

குப்பை எரிப்பு, சாக்கடை, ஒலிபெருக்கி, வண்டிப் புகை – இதற்கெல்லாம் வாரியத்துக்குப் போகலாமா?

முதல் வாசல் அது அல்ல. குப்பையும் சாக்கடையும் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சியின் பொறுப்பு. வண்டிப் புகை ஆர்.டி.ஓ.வும் போக்குவரத்துப் போலீசும். மணல், கல் குவாரி உரிமம் கனிமவளத் துறை. ஆனால் கிரஷர் கிளப்பும் தூசு வாரியத்தின் கவலை. ஒலிபெருக்கிக்குப் போலீஸ். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் எல்லை. உள்ளாட்சி கழிவுநீரை அப்படியே ஏரியில் விட்டால், அந்த உள்ளாட்சி மீதே வாரியம் நடவடிக்கை எடுக்கலாம். இதைக் கேட்க மறக்காதீர்கள்.

போகி, தீபாவளிக்கு வாரியத்தின் பெயர் அடிபடுகிறதே?

போகியன்று சென்னைக் காற்றை அளந்து வெளியிடுவது, தீபாவளிக்குக் காலை 6–7, மாலை 7–8 என்ற பட்டாசு நேரத்தை நினைவூட்டுவது, விநாயகர் சிலைகளைப் பாரிஸ் சாந்தில் செய்யக் கூடாது என்று சொல்வது, 'மீண்டும் மஞ்சப்பை' பிரசாரம் எல்லாம் வாரியத்தின் வேலைதான். தேவையான வேலையும்கூட. ஆனால் ஒரு நாள் புகையைவிட, 365 நாளும் புகைபோக்கி வழியாக வருவதே மணலி, எண்ணூர் மக்களின் நுரையீரலுக்குள் அதிகம் போகிறது.

வேறு மாநிலக் கழிவை இங்கே கொட்டினால்?

2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் ஊர்களில் கேரள மருத்துவமனைக் கழிவு குவிந்து கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரளாவே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. மருத்துவக் கழிவைக் கண்டால் கையால் தொடாமல், காகிதங்களில் இருக்கும் மருத்துவமனைப் பெயர்களைப் படம் எடுத்து உடனே வாரியத்துக்கும் போலீசுக்கும் சொல்லுங்கள். எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க அந்தப் பெயர்கள்தான் உதவும்.

வாரியம் சுதந்திரமாக இயங்குகிறதா?

சட்டப்படி தலைவர், முழுநேர உறுப்பினர் செயலர், அரசு அதிகாரிகள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், விவசாயம், மீன்வளம், தொழில் ஆகியவற்றின் பிரதிநிதிகள் எல்லாரையும் நியமிப்பது மாநில அரசு. அதே அரசுதான் முதலீட்டாளர்களையும் வரவேற்கிறது. வாரியத்தின் வருமானத்தில் பெரும்பங்கு ஆலைகள் கட்டும் இசைவுக் கட்டணம். பொறியாளர், விஞ்ஞானி பணியிடங்கள் காலியாகக் கிடப்பதைப் பசுமைத் தீர்ப்பாயம் பலமுறை கண்டித்திருக்கிறது. ஒரு மாவட்டத்தின் ஆலைகளை எல்லாம் பார்க்க ஒரு சிறு அலுவலகம்தான் இருக்கிறது. நேர்மையாக உழைக்கும் பொறியாளர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு வெளியிலிருந்து வரும் எழுத்துப்பூர்வமான புகார் ஒரு பலம். மேலிடத்தில் யாராவது 'ஏன் போனாய்?' என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

சரி, புகார் எப்படி எழுதுவது?

ஒரு பக்கம் போதும். ஆலையின் பெயர், ஊர், முடிந்தால் சர்வே எண். என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு. என்ன நிறம், என்ன நெடி, எந்தப் பக்கமாக ஓடுகிறது, எத்தனை கிணறு, எத்தனை வீடு. எந்த நிபந்தனை மீறப்படுகிறது. கடைசியில் என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: 'சட்டப்படி சாம்பிள் எடுத்து, முடிவை எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.' ஆலை முதலாளியைத் திட்டி எழுத வேண்டாம். கோபம் நியாயமாக இருந்தாலும், மனுவில் அது உண்மைகளை மறைத்துவிடும்.

மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளரிடம் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். இன்னொரு நகலைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் தனி ஆள் மீது மிரட்டல் வராது. மீறல் தொடர்ந்தால் ஒவ்வொரு முறையும் புதுத் தேதியோடு புது மனு.

கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால்?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வாரியத்துக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, எந்தக் குடிமகனும் ஆலைக்கு எதிராக நேரடியாகக் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். தண்ணீர்ச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு இந்த உரிமையைக் கொடுக்கிறது. அப்படித் தாக்கல் செய்தவர் கேட்டால், பொதுநலனுக்கு எதிரானது என்று வாரியம் கருதும் அறிக்கைகள் தவிர மற்றவற்றை அவருக்குக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் தருவார்கள். இழப்பீடு கேட்கும் மனுவுக்கு 5 வருடம். இந்தக் கெடுவை மனதில் வைத்து, வாரியத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும்போதே தேதிகளை எண்ணிக்கொண்டிருங்கள். முத்திரை வாங்கிய மனு நகல்கள், இசைவாணை, தகவல் உரிமையில் வந்த பதில்கள், தேதியிட்ட படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தால், அந்தக் கோப்புதான் உங்கள் மனுவின் பெரும்பகுதி.